இலவச வகுப்புக்குப் பதிவு செய்ததற்கு 42,000 ரூபாய் கடன்

ஞாயிற்றுக்கிழமை இலவச ஆன்லைன் வகுப்பு என்று விளம்பரம் பார்த்துப் போன் நம்பர் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் தலையில் 42,000 ரூபாய் கடன் விழுந்திருக்கிறது.

தம்பி பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறான். டேட்டா அனலிட்டிக்ஸ் சொல்லித்தரும் ஒரு ஆன்லைன் பயிற்சி நிறுவனத்தின் இலவச வகுப்புக்கு என் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்தோம். வகுப்புக்கு முன்பே போன் ஆரம்பித்துவிட்டது. "நேத்து கிளாஸ் எப்படி இருந்துச்சு மேடம்?" என்று ஒருத்தர் கேட்கிறார். வகுப்பே மறுநாள்தான். இன்னொருத்தர் வேறு யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். விற்பனை அழைப்பு 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்து வரவேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. இவர்களோ சாதாரண மொபைல் எண்களிலிருந்தே கூப்பிடுகிறார்கள். ஒன்றை பிளாக் செய்தால் அடுத்தது.

அப்புறம்தான் கவுன்சிலர் என்று ஒரு பையன் பேசினான். "அக்கா, நானும் பி.காம்.தான், எங்க அப்பாவும் மில்லுலதான் இருந்தாரு" என்றான். தம்பிக்கு எந்தப் பேப்பரில் மார்க் குறைவு, இன்டர்வியூவில் எங்கே தடுமாறுகிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். விலைப் பேச்சே எடுக்கவில்லை. தம்பி முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு தெளிவு. கடைசியில், "சீட்டை நிறுத்தி வைக்கத்தான் அக்கா இந்த ஓடிபி. பிடிக்கலைன்னா ஏழு நாளுக்குள்ள சொல்லுங்க, ஒரு ரூபா போகாது" என்றான். நம்பி ஓடிபியைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து மெசேஜ்: என் பெயரில் 42,000 ரூபாய் கடன், மாதம் 3,500 வீதம் 12 தவணை. கடன் என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை. வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய விவரத் தாளைக் காட்டிய பிறகுதான் டிஜிட்டல் கடனுக்குச் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. எனக்கு அப்படி ஒன்று வரவே இல்லை.

அன்றைக்கே வேண்டாம் என்று மெயில் போட்டேன். பையன் நம்பர் சுவிட்ச் ஆஃப். கஸ்டமர் கேரில் "டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம், ரீஃபண்ட் டீம் கூப்பிடுவாங்க" என்றார்கள். நிதி நிறுவனத்தில் "பணம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிடுச்சு, அங்க கேளுங்க." அங்கே கேட்டால், "லோன் விஷயம் அவங்ககிட்ட பேசுங்க." ஏழு நாள் தாண்டியதும், "ரீஃபண்ட் டைம் முடிஞ்சிடுச்சு மேடம்" என்று சொல்ல மட்டும் தானாகவே ஒருத்தர் கூப்பிட்டார்!

வயிறு எரிவது எதற்கென்றால், அதே நிறுவனத்திலிருந்து இன்னமும் போன் வருகிறது: "ஃப்ரீ கிளாஸுக்கு ரிஜிஸ்டர் பண்ணீங்களே, கோர்ஸ்ல சேர விருப்பமா?" ஏற்கெனவே எங்களைச் சேர்த்து 42,000 ரூபாய் வாங்கியது அவர்களுக்கே தெரியவில்லை. ரீஃபண்ட் என்று சொன்னதும் லைன் கட்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஓடிபி மெசேஜை முழுக்கப் படியுங்கள், அனுப்பியது யார் என்று பாருங்கள். வாயால் சொல்லும் வாக்குறுதியை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். டிஜிட்டல் கடனிலிருந்து அபராதம் இல்லாமல் விலகக் குறைந்தது ஒரு நாளாவது கடன் கொடுத்தவர்கள் அவகாசம் தரவேண்டும். ஆனால் அசலைத் திருப்பிக் கட்ட வேண்டும், அது பயிற்சி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் உடனே எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

ஐந்தாம் தேதி முதல் தவணை எடுக்கப் போகிறார்கள். இப்படி வந்த கடனை யாராவது ரத்து செய்ய வைத்திருந்தால், எப்படி என்று தயவுசெய்து சொல்லுங்கள்.