'தெரியவில்லை' என்று சொல்லத் தெரிந்த அகராதி

18 ஆண்டுகளாக ஆங்கிலப் பாடம் எடுக்கிறேன். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் வகுப்பில் ஒரு தவறான கதையைச் சொல்லி வந்திருக்கிறேன். நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்துதான் 'நியூஸ்' பிறந்தது, நாலு திக்கிலிருந்தும் வருவதால் அந்தப் பெயர் என்ற கதை. எனக்கு என் ஆசிரியர் சொன்னார், நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கேட்கும்போது அவர்கள் கண் விரிவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும்.

ஒரு நாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "மிஸ், திசை சொல்றவங்க வடக்கு தெற்குன்னு சேர்த்துச் சொல்வாங்க, இல்லைன்னா சுத்திக்கிட்டு வருவாங்க. இதுல மட்டும் ஏன் வடக்கு, கிழக்கு, மேற்கு, கடைசியில தெற்கு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை அதைத் தேடப் போய்த்தான் எட்டிமான்லைன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரிக்கு வந்து சேர்ந்தேன். அது ஆங்கிலச் சொற்களின் பிறப்பையும் அவை நடந்து வந்த பாதையையும் சொல்லும் இணைய அகராதி. தேடிப் பார்க்கக் காசு கேட்பதில்லை. அமெரிக்கரான டக்ளஸ் ஹார்ப்பர் 2000களின் தொடக்கத்தில் பெரும்பாலும் தனி ஆளாகத் தொகுக்கத் தொடங்கியது. இதை எழுதுவதே அந்த உழைப்புக்கு நன்றி சொல்லத்தான்.

நியூஸ் பதிவில் திசைகளுக்கு வேலையே இல்லை. 'நியூ' என்றால் புதிது, அதோடு பன்மை விகுதி சேர்ந்தால் 'புதியவை'. பிரெஞ்சிலும் செய்திக்கு 'நூவெல்', அதாவது புதியவை என்றே பெயர். அவ்வளவு எளிய விஷயம். மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக நான் சொன்னது தவறு என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தில் அன்று தெரிந்த பெருமை, கதை சொன்ன நாட்களில் எந்தப் பிள்ளை முகத்திலும் நான் பார்க்காதது.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று 'விண்டோ'வை வைத்துச் சொல்கிறேன். முதலில் ஒரு காலக் குறிப்பு, சுமார் 1200 என்று. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். சொல் அந்த ஆண்டில் பிறந்தது என்று அதற்குப் பொருள் இல்லை, எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்று அது என்றுதான் பொருள். அப்புறம் சொல் வந்த வழி. ஸ்கேண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'விந்தவுகா', காற்றின் கண். கூரையில் புகை போகவும் காற்று வரவும் இருந்த திறப்பு. அதற்கு முன் ஆங்கிலேயர்கள் ஜன்னலைக் 'கண்துளை' என்றும் 'கண்கதவு' என்றும் பொருள்படும் சொற்களால் அழைத்தார்கள் என்பதும் அதே பதிவில் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சிலப்பதிகாரத்து 'மான்கண் காலதர்' நினைவுக்கு வந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போல் அமைந்த காற்றுவழி! தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், சுவரில் உள்ள ஒரு திறப்பைப் பார்த்துக் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கின்றன. நாமோ காலதரை விட்டுவிட்டுப் போர்ச்சுகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்த ஜன்னலை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலேயர்களும் தங்கள் கண்துளையை விட்டு அயலார் சொல்லைத்தானே எடுத்துக்கொண்டார்கள்? அன்றிரவு நான் திருத்த வேண்டிய விடைத்தாள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

'நைஸ்' என்ற சொல்லுக்கும் போய்ப் பாருங்கள். அறியாதவன் என்ற லத்தீன் சொல்லில் தொடங்கி, ஆங்கிலத்துக்கு முட்டாள் என்ற பொருளோடு வந்து, நுணுக்கம் பார்ப்பவர், துல்லியம் என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமை என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. நம் 'நாற்றம்' நறுமணத்திலிருந்து கீழே இறங்கியது போல, இது மேலே ஏறியிருக்கிறது.

என்னை ஒரு வாரம் வருத்தியது 'கேஷ்'. தமிழ்க் காசுதான் ஆங்கிலக் கேஷ் ஆனது என்று நம்மில் பலர் பெருமையோடு சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பிரெஞ்சு 'கெஸ்', இத்தாலிய 'காசா' வழியாக வந்தது, பெட்டி என்று பொருள். பணப்பெட்டியைக் குறித்த சொல் பெட்டிக்குள் இருந்த பணத்தையே குறிக்கத் தொடங்கிவிட்டது. அப்படியானால் காசு? அதுவும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களை ஆங்கிலேயர்கள் அழைத்த இன்னொரு 'கேஷ்' நம்முடையது. இரண்டு சொற்கள், ஒரே உருவம். இந்த வேறுபாட்டை அகராதி மறைக்கவில்லை, காசு தமிழ் என்பதையும் தெளிவாகவே சொல்கிறது. என் மொழிக்குக் கடன்பட்ட சொல் எது, படாத சொல் எது என்று பிரித்துக் காட்டுபவரிடம்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதையும், சுருட்டு 'ஷெரூட்' ஆனதையும் இப்போது தைரியமாக வகுப்பில் சொல்கிறேன்.

இதற்கு முன் என் போனில் தினம் ஒரு சொல்லின் கதையை அனுப்பும் ஆப் ஒன்று வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருக்கும். ஆடம்பரமான என்று பொருள்படும் 'போஷ்' என்பது கப்பல் டிக்கெட்டில் போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம் என்று குறித்த நான்கு எழுத்துகள் என்று சொன்னது. அப்படி ஒரு டிக்கெட் இருந்ததற்குச் சான்றே இல்லை. 'டிப்' என்பதும் மூன்று சொற்களின் முதலெழுத்து என்று சொன்னது. அதுவோ, திருடர்களின் குழூஉக்குறியில் 'கொடு' என்ற பொருளில் புழங்கிய பழைய சொல். கேட்கச் சுவையாக இருப்பதை எல்லாம் உண்மை என்று கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அதை எப்படிப் பிரித்தறிவார்கள்? அந்த ஆப்பை எடுத்துவிட்டேன்.

எட்டிமான்லைனில் நான் மிகவும் மதிப்பது 'டாக்' என்ற சொல்லின் பதிவு. நாய்க்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் 'ஹவுண்ட்'. அரிதாகக் கிடைக்கும் 'டாக்கா' என்ற ஒரு பழஞ்சொல் எங்கிருந்தோ வந்து, 16ஆம் நூற்றாண்டுக்குள் ஹவுண்டை ஓரங்கட்டிவிட்டது. எங்கிருந்து வந்தது? தெரியவில்லை. வீட்டு வாசலில் படுத்திருக்கும் பிராணியின் பெயருக்கே மூலம் தெரியாது என்று ஓர் அகராதி வெளிப்படையாகச் சொல்வதைப் படித்துவிட்டுப் பாருங்கள், அதன் மற்ற பதிவுகள் மேல் நம்பிக்கை கூடும்.

சில சொற்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். அது எழுத்தில் எங்கும் கிடைக்காத, உறவுள்ள மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு மீட்டெடுத்த வேர் என்பதற்கான அடையாளம். இதைக் கவனிக்காமல் படிக்க வேண்டாம். அந்த வேரைத் தொட்டால் அதிலிருந்து கிளைத்த சொற்கள் வரிசையாக வரும். 'க்னோ' என்ற வேரில் 'அறி' என்ற பொருள்கொண்ட ஆங்கிலச் சொல்லும், சமஸ்கிருதத்தின் ஞானமும் ஒரே குடும்பம். ஆங்கிலத்தில் 'நோ' என்று ஒலித்துவிட்டு முன்னால் ஏன் கே எழுதுகிறோம் என்று கேட்காத வகுப்பே கிடையாது. ஒரு காலத்தில் அந்தக் கே வாயாலும் ஒலிக்கப்பட்டது, இன்று எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது என்று இப்போது சொல்ல முடிகிறது.

யாருக்கு உதவும்? வெறும் பொருள் தேடுபவர்களுக்கு வேறு அகராதி போதும். பதிவுகள் நெருக்கமான ஆங்கிலத்தில், சுருக்கக் குறிகளோடு இருப்பதால் பழகச் சில நாள் ஆகும். ஒரு சொல் எந்த வாக்கியத்தில் எப்படி எல்லாம் வந்தது என்று முழுச் சான்றுகளோடு வேண்டுமென்றால், 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் முழுமை பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குத்தான் போக வேண்டும். ஆனால் அன்றாடம் வகுப்புக்குப் போவதற்கு முன் பத்து நிமிடம் பார்க்க எனக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை.

இப்போது வாரம் ஒருமுறை பிள்ளைகளே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துத் தேடி வருகிறார்கள். நியூஸ் கேள்வி கேட்ட பெண் போன வாரம் 'கேர்ள்' என்ற சொல்லைக் கொண்டுவந்தாள். 1300 வாக்கில் அது ஆண், பெண் இரு பாலாரிலும் சிறுபிள்ளையைக் குறித்ததாம். வகுப்பில் பையன்கள் ஒரே சத்தம். சரி, அதற்கு மூலம் என்ன என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 'தெரியவில்லை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.