நிலுவைப் பட்டியலில் அப்பா

அப்பாவின் திதிக்காக மார்ச் மாதம் ஊருக்குப் போயிருந்தேன். விமானம் நேரத்துக்கு இறங்கியது. டாக்ஸிக்காரர் மீட்டருக்கு மேல் கேட்கவில்லை. வங்கியில் அம்மாவின் கேஒய்சி வேலை ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்தது. இதிலெல்லாம் எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது வார்டு அலுவலக வாசலில் கட்டியிருந்த ஒரு ஃப்ளெக்ஸைப் பற்றித்தான்.

கொங்குப் பக்கத்து மாநகராட்சி ஒன்று. எது என்று சொல்லப்போவதில்லை, அம்மா இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார். ‘நீண்டகால சொத்துவரி நிலுவைதாரர்கள்’ என்று சிவப்பில் தலைப்பு. கீழே கட்டம் போட்டு வரிசை எண், பெயர், தெரு, தொகை. பாதிக்குக் கீழே இனிஷியலோடு அப்பாவின் பெயர். அதற்கு நேராக ரூ.1,08,000 சொச்சம். பக்கத்தில் டீக்கடை, எதிரே பேருந்து நிறுத்தம். காத்திருப்பவர்களுக்கு வேறு படிக்க எதுவும் கிடையாது. அனுமதியில்லாமல் பேனர் வைத்தால் அபராதம் போடுகிற மாநகராட்சிதான் இதையும் கட்டியிருந்தது.

வேறு யார் பெயர் அங்கே இருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அப்பா ஏப்ரல் முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் வேறு வேலை வைத்துக்கொள்ளமாட்டார். மஞ்சள் பையில் போன தவணை ரசீதைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவார். வசூல் மையம் திறக்கும் முன்பே திண்ணையில் நான்கு பெரியவர்கள் இருப்பார்கள், அதில் இவர் ஒருவர். திரும்பி வந்ததும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கம்பியில் புது ரசீதைக் குத்திவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். அதற்கும் முன்னால் பில் கலெக்டரே வீட்டுக்கு வருவார். மோர் குடித்துவிட்டு, “அவசரமில்லீங்க, இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு” என்பார். அவசரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே அன்றே வாங்கிப்போகிற கலை அந்த மனிதருக்கு இருந்தது.

இப்போது ஆட்டோ வருகிறது. ஃப்ளெக்ஸுக்கு முன்பே அதுவும் வந்து போயிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. அம்மா போனில் சொல்லவே இல்லை. கேட்டால், “உனக்குச் சொல்லி என்ன ஆவுது கண்ணு, அங்கிருந்து ஓடியா வரப்போற?” என்கிறார். வீட்டுக்கு எதிரே ஆட்டோவை நிறுத்தி, பதிவு செய்த குரலில், உரிய காலத்தில் வரி செலுத்தாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும், ஜப்தி நடவடிக்கை எடுக்கப்படும் என்று திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கிறார்கள். பெயரைச் சொல்லவில்லையாம். ஆனால் தெருவில் நாற்பது வீடு இருக்க, ஆட்டோ நின்றது ஒரே வீட்டுக்கு முன்னால். எதிர்வீட்டு அக்கா அன்று சாயங்காலம் பூப்பறிக்கிற சாக்கில் வந்து, “ஏதாச்சும் பணம் பத்தலைங்களா?” என்று விசாரித்திருக்கிறார். நல்ல மனசுதான். அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

முன்பெல்லாம் தண்டோரா. பாக்கிக்காரர் கடைக்கு முன்னால் பறையை அடித்து அறிவிப்பார்கள். அதை நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார், அடிப்பவரின் மரியாதையை நினைத்து. தேவைப்பட்டால் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொள்ளலாம் என்பதும் அதில் இருந்தது. நியாயமான கடிதம். ஆக, அடிப்பவரின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. அடிபடுகிறவரின் மானத்தை மட்டும் ஆட்டோவில் ஏற்றி இன்னும் நாலு தெரு கூடுதலாகச் சுற்றுகிறார்கள். இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. பாட்னா மாநகராட்சி 2006-இல் திருநங்கையரைக் கமிஷனுக்கு அமர்த்தி, பாக்கி வைத்த கடைகளுக்கு முன்னால் பாடவும் ஆடவும் வைத்தது. சில ஊர்களில் குப்பைத்தொட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நோட்டீஸுக்குப் பயப்படாதவன் அக்கம்பக்கத்துக்குப் பயப்படுவான்.

சரி, பயந்தாயிற்று. கட்டப் போனால் வாங்குகிறார்களா?

வசூல் மையத்தில் மார்ச் மாதக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமையும் இயங்கும் என்று வாசலில் எழுதியிருந்தது, இயங்கவும் செய்தது. குறை சொல்வதற்கில்லை. வீட்டின் வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்தேன். இந்த அரையாண்டு பாக்கி மட்டும்தான் அதில் காட்டியது. “இதை எடுத்துக்குங்க, அந்த ஒரு லட்சத்துக்கு மனு குடுக்கறேன்” என்றேன். கணினி எடுக்காதாம். அதே வீட்டின் பேரில் இன்னோர் எண் இருக்கிறது, இரண்டும் இணைக்கப்பட்டிருக்கின்றன. “பழைய நிலுவை தீராம நடப்பு எடுக்காதுங்க சார்.” இன்னோர் எண்ணா, எங்கள் வீட்டுக்கா? “தரைத்தளம், வணிகம்னு போட்டிருக்குதுங்க.” அப்போதுதான் விளங்கியது. தையற்கடை!

நான் பள்ளியில் படித்தபோது முன்னறையை ஒரு தையற்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அதற்குத் தனி எண், தனி வரி. அவர் காலி செய்து போன பிறகு அப்பா அறையை வீட்டோடு சேர்த்துவிட்டு, மனுக் கொடுத்து, வணிக எண்ணை ரத்துசெய்து ஆணையும் வாங்கினார். பேரேடுகளைக் கணினியில் ஏற்றியபோது செத்த எண்ணுக்கு யாரோ உயிர் கொடுத்திருக்கிறார்கள். உயிர் வந்தது சும்மா இல்லை, 2018-ஆம் ஆண்டு உயர்வோடு வந்திருக்கிறது. அந்த உயர்வை 2019 நவம்பரில் அரசே நிறுத்திவைத்தது, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னது. அது எங்கள் தையற்கடையின் காதில் விழவில்லை. பிறகு 2022 ஏப்ரல் சீரமைப்பு. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் கீழ் உள்ள வீடுகளுக்கு 25 சதவீத உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடம் என்றால் அளவு பார்க்காமல் 100. இல்லாத கடைக்கு இரட்டிப்பு வரி, மாதம் ஒரு சதவீதம் தனிவட்டி. பிரித்துப் பார்த்தால் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் ஏறியிருந்தது. அந்தத் தையற்காரர் வாரமலர்கூட வாங்கியதில்லை.

இணையத்தில் பார்க்கலாம் என்று ராத்திரி உட்கார்ந்தேன். கணக்குக்குள் போக ஓடிபி கேட்டது. ஓடிபி அப்பாவின் கைப்பேசி எண்ணுக்குப் போயிற்று. அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. நடுராத்திரியில் எவரோ ஒருவருக்கு நான்கு ஓடிபி அனுப்பிவைத்த புண்ணியம் எனக்கு.

நான் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில். அங்கே சொத்துவரி காலாண்டுக்கு ஒன்று: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் முதல் தேதி. பத்து நாள் சலுகை. நான் இதுவரை எந்தக் கவுன்ட்டரிலும் நின்றதில்லை. வீட்டுக்கடன் தவணையோடு வரியையும் சேர்த்துப் பிடித்து எஸ்க்ரோ கணக்கிலிருந்து கடன் கொடுத்த நிறுவனமே கட்டிவிடும். ஊருக்குப் போகிற என்னைப் போன்றவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் “அங்கெல்லாம் பாருங்க...” என்று ஆரம்பிப்போம். மாமாவிடம் நானும் ஆரம்பித்தேன். அவர் ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக ஊழியர், “கட்டலைன்னா அங்க என்ன பண்ணுவாங்க மாப்ள?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். பதில் சொல்லச் சொல்ல எனக்கே சுருதி இறங்கிவிட்டது.

நியூ ஜெர்சியில் பாக்கி வைத்தால் முதல் 1,500 டாலருக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் வரை வட்டி, அதற்கு மேல் 18 சதவீதம் வரை. ஆண்டு முடிந்தும் கட்டாவிட்டால் நகராட்சி அந்தப் பாக்கியை ஏலம் விடும். ஏலத்தில் எடுப்பவர் நகராட்சிக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, உங்கள் வீட்டின் மேல் ஓர் உரிமைச் சான்றிதழோடு உட்கார்ந்துகொள்வார். அதன் பிறகு வட்டி அவருக்கு. இரண்டு ஆண்டில் மீட்காவிட்டால் அவர் நீதிமன்றம் போய் வீட்டையே எடுக்கலாம். ஏலத்துக்கு முன் உரிமையாளர் பெயரோடு விளம்பரமும் வரும், பொடி எழுத்தில். அதைப் பக்கத்து வீட்டுக்காரர் படிக்கமாட்டார், முதலீட்டாளர் படிப்பார். ஆட்டோ வராது, சத்தம் இருக்காது. மினியாபொலிஸில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் கதை இன்னும் மோசம். வரி 2,300 டாலர், வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000. கவுன்ட்டி வீட்டை எடுத்து 40,000-க்கு விற்று, மிச்சம் 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது தவறு என்றது. அப்போது அந்த அம்மாவுக்கு வயது 94. நியூ ஜெர்சி அடுத்த ஆண்டே தன் சட்டத்தைத் திருத்தியது.

மாமா கேட்டுவிட்டு, “அப்ப ஆட்டோவே தேவலை” என்றார்.

எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அங்கே பிழை என்றால் எழுதிக் கேட்க ஒரு முகவரி, பதில் வர ஒரு கெடு, பதிலில் ஒரு கையெழுத்து. கட்டவேண்டிய தொகையைக் கட்டவிடாமல் யாரும் தடுக்கமாட்டார்கள். இங்கே பட்டியலில் பெயர் ஏற ஒரு விரல் அழுத்தம் போதும், இறங்குவதற்கு உதவியாளர், வருவாய் ஆய்வாளர், உதவி ஆணையர் என்று மூன்று மேசை. நோட்டீஸ் வந்ததா என்று கேட்டால், வந்தது, அப்பா பெயருக்கு, மூடிக்கிடந்த முன்னறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா அந்தக் கதவைத் திறந்தே வருடக்கணக்காகிறது. அதே பேருந்து நிறுத்தத்தின் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபம் பல லட்சம் பாக்கி என்று ஊருக்கே தெரியும். அது ஃப்ளெக்ஸில் இல்லையே என்று கேட்டேன். கோர்ட்டில் தடை வாங்கியிருக்கிறார்களாம், தடை இருந்தால் பட்டியலில் போட முடியாதாம். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ளவனுக்கு மானம் தனிக் கணக்கு.

இனி நல்ல சேதி. எங்கள் வார்டின் இப்போதைய பில் கலெக்டர் ஒரு இளம் பெண், குரூப் தேர்வு எழுதி வந்தவர். ஸ்கூட்டியில் வந்தார், தோள்பையில் ரசீது அடிக்கும் கருவி. அம்மா மோர் கொடுத்தார், குடித்தார். நான் குரலை உயர்த்தியபோது அவர் உயர்த்தவில்லை. “சார், பேப்பர் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றார். கம்பி இருந்தது. அப்பா குத்திவைத்த ரசீதுகளை ஒவ்வொன்றாக உருவினோம். அடியில், துருவோடு ஒட்டிக்கொண்டு, ரத்து ஆணையின் நகல், நாள், நடைமுறை எண், முத்திரையோடு. அந்தப் பெண் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். முன்னறையைத் திறக்கச் சொல்லி, தையல் இயந்திரம் இல்லை, நெல் மூட்டையும் பழைய கட்டிலும்தான் இருக்கின்றன என்று அதையும் படமெடுத்தார். இரண்டு நாளில் ஆய்வாளரையும் கூட்டிவந்து டேப் பிடித்து அளந்தார்கள். தையற்கடை எண்ணை முடக்கினார்கள். நடப்பு வரியை அங்கேயே, வாசற்படியில் நின்று கருவியில் வாங்கிக்கொண்டு ரசீதும் அடித்துக் கொடுத்தார். ஜெர்சி சிட்டியில் என் வரியை வாங்குகிறவரின் முகம் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அன்று மட்டும் கொஞ்சம் தோன்றியது.

ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அது தன் பிரிவில் வராது, மார்ச் 31 முடிந்தால் அவர்களே கழற்றிவிடுவார்கள் என்றார் அந்தப் பெண், கொஞ்சம் சங்கடத்தோடு. அப்பாவின் திதி 27-ஆம் தேதி. வந்த உறவினர்கள் எல்லோரும் அந்த நிறுத்தத்தில்தான் இறங்கினார்கள்.

முடக்கியது ரத்து ஆகாது, அதற்கு மேலிடத்து ஆணை வேண்டும், மனு போயிருக்கிறது. வீட்டை அம்மா பெயருக்கு மாற்றும் வேலையும் பாதியில் நிற்கிறது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்தாயிற்று, அக்கா கையெழுத்துப் போட்டாயிற்று. என் சம்மதக் கடிதம் நியூயார்க் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வரவேண்டுமாம், நான் மாநகராட்சிக்காரர்கள் எதிரிலேயே நின்றுகொண்டு பேனாவை நீட்டியும். பட்டா, பத்திரம் மட்டும் பார்த்துவிட்டு ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள், வரிவிதிப்பு எண்ணில் யார் பெயர், எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்பதையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். ரத்து ஆணை மாதிரி ஏதாவது இருந்தால் படமெடுத்து வையுங்கள். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரலில் அக்கா மகன் தன் போனிலிருந்தே கட்டி அதை வாங்கிவிட்டான். ரசீதை அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லி அம்மா அவனை விடவில்லையாம்.