கூகுள் தேடலா, சமூக ஊடகமா, இமெயிலா: மார்க்கெட்டிங் பணத்தை எங்கே நகர்த்தலாம்?

டிஜிட்டல் மார்க்கெட்டிங் சரியாகப் போகவில்லை என்றதும் பலர் புதிதாக ஒரு சேனலைச் சேர்க்கத்தான் பார்க்கிறார்கள். ரீல்ஸ் போடலாமா, யூடியூப் தொடங்கலாமா, இன்ஃப்ளுயன்சர் யாரையாவது பிடிக்கலாமா என்று பேச்சு ஓடும். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் பணம் எங்கே வேலை செய்கிறது, எங்கே வீணாகிறது என்று பார்க்க ஆள் இருக்காது. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் விற்பதை மக்கள் ஏற்கெனவே தேடுகிறார்களா? குழாய் ஒழுகுகிறவரும் மடிக்கணினித் திரை உடைந்தவரும் தாமாகவே கூகுளில் தட்டுவார்கள். இதுவரை இல்லாத ஒரு செயலி, கண்ணில் பட்டால்தான் ஆசை வரும் ஒரு நகை என்றால் யாரும் தேடப் போவதில்லை. நீங்கள்தான் போய்க் காட்ட வேண்டும். இதில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற கணக்கெல்லாம்.

தேடல் விளம்பரமும் எஸ்.இ.ஓ.வும்

தேடல் விளம்பரத்தின் பலம் வேகம். காலையில் தொடங்கினால் மாலைக்குள் கிளிக் வரலாம். பணத்தை நிறுத்தினால் அன்றே நின்றுவிடும். விளம்பர இடத்துக்காக கூகுள் நடத்தும் ஏலத்தில் அதிகம் கேட்பவருக்கே முதலிடம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கம் எப்படி இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். மோசமான பக்கத்தை வைத்துக்கொண்டு ஏலத் தொகையை மட்டும் ஏற்றினால், அதே கிளிக்கைப் போட்டியாளரைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். பட்ஜெட்டைத் தொடும் முன் பக்கத்தைத் திருத்துங்கள்.

எஸ்.இ.ஓ., அதாவது காசு கட்டாமலே தேடல் முடிவுகளில் மேலே வரும்படி பக்கங்களைச் சீராக்குவது, இதற்கு நேரெதிர். பலன் தெரிய மாதங்கள் ஆகும். வந்துவிட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு கேட்காது. அதற்காக இலவசம் என்று சொல்லிவிட முடியாது. எழுதுபவருக்குச் சம்பளம் உண்டு, பழைய பக்கங்களைப் புதுப்பிக்கும் உழைப்பும் உண்டு. ஆபத்தும் இருக்கிறது. 2011இல் பாண்டா, 2012இல் பெங்குவின், 2024 மார்ச்சில் ஒரு பெரிய கோர் அப்டேட் என்று கூகுள் தரவரிசையை மாற்றியபோதெல்லாம் வருகையாளர்களை இழந்த தளங்கள் ஏராளம். முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதிய சுருக்கத்தைக் காட்டும் ஏஐ ஓவர்வியூஸ், 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது, இன்னொரு அடி: ‘இது என்றால் என்ன’ வகைக் கேள்விகளுக்குத் தேடல் பக்கத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட கட்டுரைகளை இன்னும் டஜன் கணக்கில் எழுதிக் குவிப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. விலை, ஒப்பீடு, ‘எனக்கு இது பொருந்துமா’ என வாங்கும் முடிவை ஒட்டிய பக்கங்களுக்கு அந்த உழைப்பைத் திருப்பலாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், முதலில் சிறு தொகையில் விளம்பரம். எந்தச் சொல்லைத் தட்டியவர்கள் வாங்கினார்கள் என்பதை கூகுள் ஆட்ஸின் தேடல் சொற்கள் அறிக்கை காட்டிவிடும். அந்தச் சொற்களுக்கு எஸ்.இ.ஓ. பக்கங்கள் எழுதலாம், கிளிக் மட்டும் தந்து காசைத் தின்ற சொற்களை நெகட்டிவ் கீவேர்டு பட்டியலில் (இவற்றுக்கு விளம்பரம் காட்டாதே என்னும் பட்டியல்) போட்டுவிடலாம். ஊகத்தில் மாதக்கணக்காக எழுதுவதைவிட இது மலிவு.

சொந்தப் பெயருக்கே விளம்பரம் கொடுப்பது தனிக் கதை. உங்கள் பெயரைத் தட்டியவர் உங்களைத்தானே தேடுகிறார்? 2012இல் ஈபே தன் பெயர் வரும் தேடல்களுக்கு யாஹூவிலும் எம்.எஸ்.என்.னிலும் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. அதனால் போயிருக்க வேண்டிய கிளிக்குகளில் 99.5 சதவீதம் சாதாரணத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தது. பிளேக், நோஸ்கோ, டடெலிஸ் மூவரும் எழுதிய இந்த ஆய்வு 2015இல் எகனோமெட்ரிக்கா என்ற பொருளாதார ஆய்விதழில் வெளியானது. பிற சொற்களில்கூட, புதியவர்களும் எப்போதாவது வருபவர்களும்தான் விளம்பரத்தால் அசைந்தார்கள். அடிக்கடி வாங்குபவர்களிடம் அந்தப் பணம் வேலை செய்யவில்லை. ஈபே அளவுக்குப் பெயர் இல்லாத நிறுவனத்துக்கு இதே எண் வர வேண்டும் என்றில்லை. போட்டியாளர் உங்கள் பெயரில் விளம்பரம் வைத்திருந்தாலும் கணக்கு மாறும். ஆனால் சோதித்துப் பார்க்காமல் கட்டிக்கொண்டே இருப்பதற்கு அது காரணமாகாது.

சமூக ஊடகம்: பதிவா, விளம்பரமா?

சும்மா பதிவு போட்டே ஆள் சேர்த்த காலம் முகநூலில் எப்போதோ முடிந்துவிட்டது. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தார்கள். நிறுவனப் பக்கங்கள் கீழே போயின. பின்தொடர்பவர் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவர்கள் கண்ணில் எது படும் என்பதைத் தளம்தான் முடிவு செய்யும்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதிலும் விளையாட்டு மாறியிருக்கிறது. 2021 ஏப்ரலில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 14.5 வழியாக, பயனரிடம் அனுமதி கேட்காமல் பிற செயலிகளிலும் தளங்களிலும் அவரைப் பின்தொடர ஆப்பிள் தடை போட்டது. இதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் குறையக்கூடும் என்று முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. வயது, ஆர்வம் என்று சல்லடை போட்டு ஆள் பிடிக்கும் வேலையை இப்போது பெரும்பாலும் அல்காரிதமே பார்த்துக்கொள்கிறது. நம் கையில் மிச்சம் இருப்பது படமும் வீடியோவும் சொல்லும் சேதியும்தான். இங்கே சிறிய பட்ஜெட்காரர்கள் அடிக்கடி மாட்டுகிறார்கள். விளம்பரத்தை யாருக்குக் காட்டலாம் என்று அல்காரிதம் கற்கும் மெட்டாவின் லேர்னிங் கட்டம் தாண்ட, ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்துக்குச் சுமார் 50 நிகழ்வுகள் (வாங்கல் போல நீங்கள் இலக்காக வைத்த செயல்கள்) வேண்டும். அதே பணத்தை ஆறு தொகுப்புகளாகக் கூறு போட்டால் எதுவுமே கற்றுக்கொள்ளாது. ஒன்றோ இரண்டோ போதும். உள்ளே விதவிதமான வீடியோக்களை மாற்றிப் போடுங்கள்.

இமெயில்

பழைய சரக்கு என்று ஒதுக்கப்படும் இதற்குத்தான் என் முதல் ஓட்டு. முகவரிப் பட்டியல் உங்களுடையது, நடுவில் அல்காரிதம் வந்து யாருக்குக் காட்டலாம் என்று தீர்மானிக்காது. ஸ்பாம் வடிகட்டி மட்டும் உண்டு. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000க்கு மேல் கடிதங்கள் அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் விதிகள் இறுகிவிட்டன: அனுப்புவது உண்மையில் நீங்கள்தான் என்று சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் மூன்றும் அமைத்திருக்க வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வழி தர வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. விலைக்கு வாங்கிய பட்டியல் இந்த எல்லையில்தான் செத்துப்போகும்.

அனுப்பியதில் எத்தனை கடிதங்கள் திறக்கப்பட்டன என்னும் திறப்பு விகிதத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். கடிதத்தில் உள்ள படம் இறங்கினால்தான் திறந்ததாகக் கணக்கு. 2021இல் ஆப்பிள் மெயில் படங்களை முன்கூட்டியே இறக்கத் தொடங்கியபிறகு, படிக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. கிளிக், பதில், வாங்கல் மூன்றையும் பாருங்கள்.

இமெயிலின் பெரிய குறை, புது ஆளைக் கொண்டுவராது. அதனால் இதைத் தேடலுக்கும் சமூக ஊடகத்துக்கும் மாற்றாக நினைக்க முடியாது. அவை கொண்டுவந்தவர்களில் உடனே வாங்காதவர்களை இழக்காமல் பிடித்து வைக்கும் இடம் இது. தேடல் விளம்பரத்துக்குப் பணம் கட்டி ஆளை வரவழைத்துவிட்டு, இமெயில் கேட்க ஒரு கட்டம்கூட இல்லாமல் திருப்பி அனுப்பும் தளங்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும். வாட்ஸ்அப் இதே வேலையை வேகமாகச் செய்யும், ஆனால் ஒப்புதல் வாங்கியே அனுப்ப வேண்டும்; எரிச்சலூட்டினால் ஒரே தட்டில் பிளாக் செய்துவிடுவார்கள்.

யார் சொல்லும் எண்ணை நம்புவது?

மெட்டாவின் இயல்பு அமைப்பு, கிளிக் செய்து 7 நாளுக்குள்ளும் வெறுமனே பார்த்து 1 நாளுக்குள்ளும் நடந்த விற்பனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூகுள் ஆட்ஸ் வழக்கமாக 30 நாள் வரை பின்னோக்கிப் பார்க்கும். ஒரே விற்பனையை இருவருமே தமக்கென்று சொல்வார்கள். கூட்டிப் பார்த்தால் நீங்கள் விற்றதைவிட அதிகம் விற்றிருப்பீர்கள்! அதிலும் ரீடார்கெட்டிங், அதாவது ஏற்கெனவே உங்கள் தளத்துக்கு வந்துபோனவர்களுக்கு மீண்டும் விளம்பரம் காட்டுவது, எப்போதும் அழகாகத் தெரியும், எப்படியும் வாங்க இருந்தவர்கள் முன்னால்தானே அது போய் நிற்கிறது.

ஆகவே அவசரத் தேவையைத் தீர்ப்பவர்கள் தேடல் விளம்பரத்திலும், யோசித்து வாங்கப்படும் பொருளை விற்பவர்கள் எஸ்.இ.ஓ.விலும் இமெயிலிலும், பார்த்ததும் பிடிக்கும் பொருளை விற்பவர்கள் சமூக ஊடகத்திலும் பணத்தைக் கூட்டலாம். அதற்கான தொகையை பிராண்ட் பெயர் விளம்பரம், ரீடார்கெட்டிங் இரண்டிலிருந்தும் எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒரு பகுதியில் மட்டும் அவற்றை நிறுத்துங்கள், அதே போன்ற இன்னொரு பகுதியில் ஓடவிடுங்கள், இரண்டிலும் மொத்த விற்பனையை ஒப்பிடுங்கள். தள்ளுபடி வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். மூன்று வாரம் யோசித்து வாங்கும் பொருளுக்கு ஒரு வாரச் சோதனை எதையும் காட்டாது. வாங்க எடுக்கும் காலத்தைவிடச் சோதனை நீண்டிருக்கட்டும்.