மானசரோவரா, ராட்சசதாலா?

கயிலை மலைக்குத் தெற்கே, திபெத்தில் இரண்டு ஏரிகள். நடுவே ஒரு குறுகிய நிலத்திட்டு மட்டும்தான். கிழக்கே சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் மானசரோவர்: வட்ட வடிவம், நன்னீர். மேற்கே சற்றுத் தாழ்வாக, பிறைபோல் வளைந்த ராட்சசதால்: உப்புக் கரிக்கும் நீர்.

பெயர்களிலும் அதே பிளவு. 'மானசம்' மனத்தைக் குறிக்கும். பிரம்மன் மனத்தில் உதித்த நீர்நிலை என்பது ஐதீகம். திபெத்தியர் அதை 'மாபாம் யும்ட்சோ', அதாவது வெல்லமுடியாத நீலப்பச்சை ஏரி என்கிறார்கள். மற்றதில் இராவணன் தவமிருந்தானாம், அதனால் அரக்கன் ஏரி.

ஆனால் மானசரோவர் நிரம்பினால் கங்கா சூ என்ற கால்வாய் வழியே ராட்சசதாலுக்குத்தான் வழிகிறது. புனிதத்துக்கு மானசரோவர் என்பார்கள்; என் மனம் அந்த உப்புநீரில்தான் நிற்கிறது.