கில்லி ரீ-ரிலீஸ்: முத்துப்பாண்டியைக் கொஞ்சம் பேச விடுங்கள்

கில்லி எனக்கு ரொம்பப் பிடித்த படம். டிவியில் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் சேனலை மாற்ற மாட்டேன். அதனால் கீழே வருவதை விஜய் பிடிக்காதவன் எழுதியது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரசிகர்கள் பலருக்குப் பிடிக்காத கருத்து ஒன்று எனக்கு உண்டு. கில்லி அன்றைக்கு ஓடியதற்கும், இருபது வருஷம் கழித்து ஹவுஸ்ஃபுல் ஆனதற்கும் முதல் காரணம் விஜய் இல்லை, வில்லன் முத்துப்பாண்டியாக வரும் பிரகாஷ்ராஜ். பெரிய திரையில் மறுபடி பார்த்த பிறகு அந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது. ஆனால் ரீ-ரிலீஸ் என்ற பெயரில் தியேட்டர்களில் நடக்கிற கூத்தில் அதை யாரும் கவனிக்கவே வழியில்லை.

படம் முதலில் வந்தது 2004 ஏப்ரல் 17. தரணி இயக்கம், ஏ.எம். ரத்னம் தயாரிப்பு, வித்யாசாகர் இசை. 4கே-யில் மெருகேற்றி மறுபடி வெளியிட்டது 2024 ஏப்ரல் 20-ஆம் தேதி, அதாவது தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள். விஜய் கட்சி அறிவித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதனால் வந்த கூட்டத்தில் பாதி படம் பார்க்க வந்தது, மீதி விஜய்யைக் கொண்டாட வந்தது. கொண்டாட வந்ததில் தப்பே இல்லை, அவர்களும் டிக்கெட் எடுத்துத்தான் வந்தார்கள். நான் கேட்பது தியேட்டர்காரர்களிடம். எந்தக் காட்சி கொண்டாட்டத்துக்கு, எந்தக் காட்சி படம் பார்க்க என்று முன்கூட்டியே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நான் முதலில் போனது ஒரு மாலைக் காட்சி. தியேட்டர் பெயர் வேண்டாம், அன்றைக்குப் பெரும்பாலான இடங்களில் இதுதான் கதை. டைட்டில் ஓடும்போதே முன்வரிசை மொத்தமும் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. விசில், கிழித்துப் போட்ட பேப்பர், செல்போன் டார்ச், இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் நடிகர் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே நூறு பேர் சேர்ந்து கத்திவிடுகிறார்கள், அதை மீறி வசனம் கேட்க வேண்டும் என்று ஆபரேட்டர் சத்தத்தை ஏற்றுகிறார், சத்தம் ஏறியதும் கூட்டம் இன்னும் கத்துகிறது, கடைசியில் ஸ்பீக்கரில் வருவது கரகரப்பு மட்டும்தான். ‘அப்படிப் போடு’ முடிந்ததும் ஒன்ஸ்மோர் கேட்டார்கள், மறுபடி போட்டார்கள். அதற்கு அப்புறம் வரும் காட்சியின் வேகம் அங்கேயே செத்துவிட்டது. துரத்தலும் ஓட்டமுமாகப் போகிற படத்தை நடுவில் நிறுத்தி ரிவைண்ட் பண்ணினால் மிஞ்சுவது பாட்டுக் கச்சேரி. குழந்தையோடு வந்திருந்த ஒரு குடும்பம் இன்டர்வெல்லில் எழுந்து போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டார்களா தெரியவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

மனசு கேட்காமல் ஒரு வார நாள் காலைக் காட்சிக்குப் போனேன். அரங்கில் கால்வாசிகூட நிரம்பவில்லை. அன்றைக்குத்தான் கில்லியைப் பார்த்தேன்.

முத்துப்பாண்டி என்ன செய்கிறான் என்று அமைதியாக உட்கார்ந்து கவனியுங்கள். தமிழ் சினிமா வில்லன்கள் பொதுவாக எதற்காவது ஆசைப்படுவார்கள்: நிலம், பணம், பதவி. இவனுக்கு அதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, அப்பாவே உள்துறை அமைச்சர். இவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பெண் தன்னைப் பார்த்து ஆம் என்று சொல்வது. அதற்குக் குறுக்கே வந்த அவளுடைய அண்ணன்களைக் கொன்றுவிட்டு, அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தி ‘செல்லம்’ என்கிறான். அந்தச் செல்லத்தில் நடிப்பே தெரியாது. அவன் நிஜமாகவே கொஞ்சுகிறான். தான் செய்தது கொடூரம் என்ற உணர்வே அவனுக்குக் கிடையாது, கடையில் கேட்ட பொம்மை கிடைக்காத பிள்ளையின் முகம்தான் அங்கே இருக்கிறது. பிரகாஷ்ராஜ் கண்ணை விரிப்பதும் சிரிப்பைப் பாதியில் நிறுத்துவதும் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. காலைக் காட்சியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்கள் ‘செல்லம்’ வந்தபோது சிரிக்கவில்லை. மாலைக் காட்சியில் அதே இடத்தில் மொத்த அரங்கமும் சிரித்தது.

இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். முத்துப்பாண்டியை மீம் ஆக்கி ஆக்கி, கொலைகாரனை நாம் ஒரு காமெடிப் பாத்திரமாக மாற்றிவிட்டோம். ‘அவன் காதல்தான் உண்மைக் காதல்’ என்று எழுதுகிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணின் வீட்டில் இரண்டு சாவு விழக் காரணமானவனுக்கு அந்தப் பெயரைக் கொடுப்பது எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை, படமும் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண் தனலட்சுமியின் (த்ரிஷா) பயத்தைத் தரணி ஒரு இடத்தில்கூட விளையாட்டாக எடுக்கவில்லை. நாமதான் விளையாட்டாக்கினோம்.

சரி, விஜய் இல்லாமல் இந்தப் படம் ஓடியிருக்குமா என்று கேட்பீர்கள். நான் திருப்பிக் கேட்பது, விஜய் இருந்தும் ‘குருவி’ என்ன ஆனது? 2008-இல் அதே தரணி, அதே விஜய், அதே த்ரிஷா, அதே வித்யாசாகர். கில்லியில் விஜய்யின் அப்பாவாக வந்த ஆசிஷ் வித்யார்த்திகூட இருந்தார். பெரிய பட்ஜெட். ஆனால் எதிரே நிற்கிறவன் மேல் நமக்குப் பயமே வரவில்லை. பயம் வராததால் நாயகன் எவ்வளவு உயரம் தாண்டினாலும் நமக்கு ஒன்றும் ஆகவில்லை. கில்லியில் வேலு (விஜய்) ஓடும்போது நாமும் ஓடுகிறோமே, பின்னால் வருகிறவன் யார் என்று தெரிந்ததால்தான்.

தெலுங்கு மூலமான ‘ஒக்கடு’வையும் இங்கே சொல்ல வேண்டும். 2003-இல் குணசேகர் இயக்கத்தில் மகேஷ் பாபு, பூமிகா நடித்து வந்தது. அதிலும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான், ஓபுல் ரெட்டி. நாயகன் மாறினார், நாயகி மாறினார், ஊர் கர்னூலிலிருந்து மதுரைக்கு வந்தது, ஒளிந்துகொள்ளும் இடம் சார்மினாரிலிருந்து கலங்கரை விளக்கத்துக்கு வந்தது. மாற்றாமல் விட்டது அவர் ஒருவரைத்தான். எது போனால் படம் நிற்காது என்று தரணிக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று, ரீமேக் என்றாலே கேவலம் என்று பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். வேகத்தில் கில்லி ஒக்கடுவை விட ஒரு படி மேலே. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளில் அந்த மைலாப்பூர் மாதிரி நடுத்தரக் குடும்பத்து நெரிசலும் தங்கச்சி புவனாவின் சண்டையும் முழுக்கவே நம் ஊருக்கானது. ஜெனிஃபர் அந்தச் சின்ன வயதில் விஜய்யோடு போட்டி போட்டு நின்றிருக்கிறார், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விஜய்யைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் இதில் நன்றாகச் செய்திருப்பது எது என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. பஞ்ச் வசனத்துக்கும் சண்டைக்கும்தான் தியேட்டரில் கைதட்டல் விழுகிறது. எனக்குப் பிடித்தது அப்பாவைப் பார்த்து நடுங்குகிற விஜய். கபடி ஆடப் போனதை மறைக்கிற பையன், அதே வீட்டில் ஒரு பெண்ணை ஒளித்துவைத்துக்கொண்டு, அவளைத் தேடுகிற போலீஸ் அதிகாரியான அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறான். அங்கே அவருடைய உடம்பு மொழி, அவசரம், திருட்டு முழி எல்லாமே அருமை. ஊரைக் காப்பாற்றப் பிறந்தவன் என்ற பாரம் வேலுவுக்கு இல்லை. ஒரு பெண்ணைப் பத்திரமாக ஃபிளைட் ஏற்ற வேண்டும், மேட்ச் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னாளில் அவர் படங்களில் நாயகன் பெரிதாகிக்கொண்டே போனான், எதிரி சின்னவனாகிக்கொண்டே போனான். வேலு மாதிரி ஒரு பையன் அவருக்கு அப்புறம் அமையவே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

குறைகளும் இருக்கின்றன. த்ரிஷாவுக்குப் பயப்படுவதையும் காதலிக்கத் தொடங்குவதையும் தவிர வேலையே தரவில்லை. அவர் நடித்த ‘சாமி’ வந்து ஒரு வருஷத்துக்குள் வந்த படம், அவருக்கு எவ்வளவோ எழுதியிருக்கலாம். தனலட்சுமியை ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், அவள் தானாக ஒரு முடிவெடுத்து நடந்து வருவது கடைசியில் கபடி மைதானத்துக்குத்தான். தாமு வரும் நகைச்சுவை சில இடங்களில் நன்றாக இருக்கிறது, சில இடங்களில் நீளம். பாட்டுகளில் ‘கொக்கரக்கொக்கரக்கோ’வைப் பெரிய திரையில் பார்ப்பது சுகம். ஆனால் வித்யாசாகரின் பாட்டுகளை விட, துரத்தல்களுக்கு அவர் போட்டிருக்கும் பின்னணி இசைதான் என்னை இழுத்துப் பிடித்தது. மாலைக் காட்சியில் அதில் ஒரு துளிகூட என் காதில் விழவில்லை.

புதிய பிரதியைப் பற்றிக் குறையே இல்லை. இரவுக் காட்சிகள் டிவியில் பார்ப்பதை விட எவ்வளவோ தெளிவு. கலங்கரை விளக்கத்துக் காட்சிகளில் இருட்டுக்குள் முகங்கள் தெரிகின்றன, நிறங்களைத் தேவையில்லாமல் ஏற்றியதாகவும் தோன்றவில்லை. தயாரிப்பு தரப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. கெடுத்தது காட்டிய விதம். புதுப் படத்துக்கு வாங்கும் அதே விலைக்கு டிக்கெட் விற்றுவிட்டு, கதவைத் திறந்துவிட்டதோடு வேலை முடிந்தது என்று தியேட்டர் ஆட்கள் ஒதுங்கிக்கொள்வது சரியில்லை. திரைக்கு முன்னால் நிற்காதீர்கள் என்று சொல்லக்கூட அன்றைக்கு ஒருவரும் உள்ளே வரவில்லை.

விஜய் பிறந்தநாள், விசேஷம் என்று கில்லியை இனியும் எங்காவது போடுவார்கள். ஆட்டம் போட வேண்டும் என்றால் முதல் நாள் மாலைக்குப் போங்கள், நண்பர்களோடு போங்கள், அதற்கு நூற்றுக்கு நூறு. படம் பார்க்க வேண்டும் என்றால் வார நாள் காலைக் காட்சி, பின்வரிசை, ஓரத்து சீட் இல்லாமல் நடுவில். வயதான அப்பா அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் முதல் இரண்டு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். படத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. நான் போன மாலைக் காட்சிக்கு ஒன்று, அதுவும் புதிய பிரதிக்காக.