ரம்புட்டானா, மங்குஸ்தானா?

சந்தையில் முதல்முறை இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் குவித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது, கை தானாக ரம்புட்டான் பக்கம்தான் போனது. நல்ல சிவப்பு, உடம்பெல்லாம் முடி. மலாய் மொழியில் 'ரம்புட்' என்றால் முடி, பெயரே அதிலிருந்துதான். மங்குஸ்தானோ கருத்த ஊதா நிறத்தில், தலையில் தடித்த பச்சை இதழ்களோடு, மர உருண்டை மாதிரிக் கிடந்தது.

ரம்புட்டானிடம் எனக்குப் பிடித்தது, அது வயதை மறைக்காது. முடி விறைப்பாக நின்றால் புதுசு. வாடிக் கருத்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது. பறித்த பிறகு இது பழுக்காது என்பதால் காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாம் என்ற கணக்கெல்லாம் நடக்காது. (பழுத்தாலும் மஞ்சளாகவே இருக்கும் ரகங்களும் உண்டு, அதைக் காய் என்று ஒதுக்க வேண்டாம்.)

மங்குஸ்தானின் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, அமுக்கித்தான் பார்க்க வேண்டும். இது தெரியாமல், கெட்டியாக இருப்பதுதான் புதுசு என்று நினைத்து, கல் மாதிரி நான்கைப் பொறுக்கி எடுத்து வந்தேன். இரண்டு திறக்கவே இல்லை. மூன்றாவதில் கத்தி வழுக்கியது. உள்ளே சுளை பழுப்பேறிக் கிடந்தது. அடிபட்டாலோ நாள்பட்டு உலர்ந்தாலோ அந்த ஓடு இறுகிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கட்டைவிரல் அழுத்தத்துக்கு லேசாக இடம் கொடுக்கிற பழம்தான் சரியானது. தோலில் மஞ்சள் பிசின் கட்டியிருந்தால் உள்ளேயும் இருக்க வாய்ப்புண்டு; அது பட்ட சுளை கசக்கும்.

நல்ல பழத்துக்குக் கத்தியே வேண்டாம். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தினால் ஓடு பிளந்து, பூண்டுப் பற்கள் மாதிரி வெள்ளைச் சுளைகள் தெரியும். எத்தனை சுளை என்பதை வாங்கும்போதே எண்ணிவிடலாம். பழத்தின் அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. விதை பெரும்பாலும் பெரிய சுளையில்தான் இருக்கும். ஓட்டுச் சாறு சட்டையில் பட்டால் கறை லேசில் போகாது, ஜாக்கிரதை.

ரம்புட்டானை நகத்தால் நடுவில் கீறினாலே மூடி கழன்றுவிடும்.

ருசியில் இரண்டும் சமம் என்று சொல்ல மாட்டேன். ரம்புட்டான் இனிப்பும் நீரும்தான். லிச்சியின் குடும்பம், சாயலும் அதுவே. சில ரகங்களில் விதையின் மேல்தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு வந்து மரச்சீவலை மென்ற மாதிரி ஆகிவிடும். மங்குஸ்தான் நாக்கில் கரையும், இனிப்புக்குள் ஒரு மெல்லிய புளிப்பு இருக்கும். ஆனால் கையில் கனக்கிறதே என்று நம்பினால் எடையில் பாதிக்கு மேல் ஓடுதான்.

வைத்திருப்பதென்றால் ரம்புட்டானை வெளியே போட்டுவிடாமல் பையில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். மங்குஸ்தானுக்கு அதிகக் குளிர் ஆகாது, அதிலும் ஓடு இறுகும். வாங்கிய ஓரிரு நாளில் தின்றுவிடுவது நல்லது.

நன்றாக இருந்தால் மங்குஸ்தானுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் குவியலில் நாலைந்தை அமுக்கிப் பார்த்து எல்லாம் கல்லாக இருந்தால், யோசிக்காமல் முடிக்காரன் பக்கம் திரும்பிவிடுவேன்.