ஈ.என்.19 எஃகுக்கு நைட்டலா, பிக்ரலா?

1 மைக்ரான் வைரப் பசை வரை பாலிஷ் செய்த ஈ.என்.19 (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த நடுத்தரக் கார்பன் எஃகு) மாதிரியை அப்படியே மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சல்ஃபைடு கோடுகளும் சில ஆக்சைடு புள்ளிகளும்தான் தெரியும். எஃகின் உள்ளமைப்பு பெர்லைட்டா (ஃபெரைட் எனும் மென்மையான இரும்பும், இரும்பு-கார்பன் சேர்மமான கார்பைடும் மாறிமாறி அடுக்கியது), பெய்னைட்டா (ஃபெரைட்டில் நுண்ணிய கார்பைடு கலந்தது), மார்ட்டென்சைட்டா (வேகமாகக் குளிர்வித்தால் வரும் கடினமான அமைப்பு) என்பதை எட்சிங்தான், அதாவது மேற்பரப்பை அமிலக் கரைசலால் லேசாக அரிப்பதுதான், காட்டும். அதற்கான இரண்டு கரைசல்கள்தான் நைட்டலும் பிக்ரலும்.

நைட்டல்: 98 மி.லி. எத்தனாலில் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம். அமிலத்தைத்தான் ஆல்கஹாலில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மாதிரியை 5 முதல் 15 விநாடி நனைத்தால் போதும். பளபளப்பு மங்கி வெளிர் சாம்பல் படர்ந்ததும் எடுத்து, தண்ணீரிலும் எத்தனாலிலும் கழுவி, சூடான காற்றில் உலர்த்துங்கள். சற்றுத் தாமதித்தாலும் பெர்லைட் முழுக்கக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பைப் பார்த்து ‘பெர்லைட் அதிகம்’ என்று ரிப்போர்ட் எழுதுகிறவர்களும் உண்டு.

பிக்ரல்: 100 மி.லி. எத்தனாலில் 4 கிராம் பிக்ரிக் அமிலம். வேகம் குறைவு, அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

நைட்டல் ஃபெரைட்டை அரிக்கும் வேகம் படிகத்தின் திசையைப் பொறுத்தது. அதனால் ஃபெரைட் மணிகளின் எல்லை அழகாகத் தெரியும். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பெர்லைட் கூட்டங்களில் ஒன்று வரிவரியாகவும் இன்னொன்று மங்கலாகவும் இருக்கும். பிக்ரல் திசை பார்ப்பதில்லை. கார்பைடின் விளிம்பு எங்கும் ஒரே சீராகத் துலங்கும், ஃபெரைட் எல்லை மட்டும் வராது. ஆகவே கார்பன் இழந்த மேற்பரப்பை அளக்கவும், டெம்பர் செய்யாத (குளிர்வித்தபின் மறுபடி மிதமாகச் சூடாக்காத) மார்ட்டென்சைட்டைப் பார்க்கவும் நைட்டல். உருண்டைக் கார்பைடுக்குப் பிக்ரல்.

சிக்கல் தடித்த தண்டில்தான். 850 டிகிரியில் எண்ணெயில் குளிர்வித்து 600 டிகிரியில் டெம்பர் செய்த பிறகு, நடுப்பகுதியில் பெய்னைட் கலந்திருக்கிறதா என்று கேட்டால், நைட்டலில் டெம்பர் செய்த மார்ட்டென்சைட், பெய்னைட் இரண்டுமே பழுப்பாகத்தான் தெரியும். பிக்ரலில் 1000 மடங்கில் பார்த்தால், மேல்பெய்னைட்டின் (சற்று உயர்ந்த வெப்பநிலையில் உருவாகும் பெய்னைட்) நீண்ட கார்பைடுகள் பிடிபட வாய்ப்பு உண்டு. குறைந்த வெப்பநிலையில் உருவாகும், இன்னும் நுண்ணிய கார்பைடுள்ள கீழ்ப்பெய்னைட் என்றால் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்தான். 0.9 துளை எண் (லென்ஸ் ஒளியை வாங்கும் திறனின் அளவு) கொண்ட உலர் ஆப்ஜெக்டிவில், பச்சை ஒளியில், 0.37 மைக்ரானுக்கும் நெருங்கிய இரு கோடுகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. நுண்ணிய பெர்லைட் கறுப்புத் திட்டாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். அதற்கு எந்த அமிலத்தையும் குறை சொல்லிப் பயனில்லை.

மாதிரியின் ஓரத்தில் மட்டும் பழுப்புக் கறை வழிந்திருந்தால், மாதிரியைப் பதித்துள்ள பேக்கலைட் பிளாஸ்டிக்குக்கும் எஃகுக்கும் இடையிலுள்ள இடுக்கில் புகுந்த அமிலம் பிறகு கசிந்திருக்கிறது. எத்தனாலில் நன்றாக அலசி, மாதிரியைச் சாய்த்துப் பிடித்து உலர்த்தினால் குறையும்.

பாதுகாப்பில் நைட்டலே மேல். அதையும் இறுக மூடி வைக்கக் கூடாது, வாயு அழுத்தம் ஏறும். எத்தனாலில் 3 சதவீதத்துக்கு மேல் கலந்ததைச் சேமிக்கவும் கூடாது. பிக்ரிக் அமிலமோ உலர்ந்தால் வெடிமருந்து. எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும், உலோக மூடி கூடாது. பழைய பாட்டிலின் கழுத்தில் மஞ்சள் படிகம் காய்ந்திருந்தால் மூடியைத் திருகாதீர்கள். தொடாமல் விட்டு, அகற்றத் தெரிந்தவர்களை அழையுங்கள்.

தினசரி வேலைக்கு நைட்டல் போதும். கார்பைடைப் பற்றிக் கேள்வி வரும்போது மட்டும், அதே மாதிரியை மறுபடி பாலிஷ் செய்து, அன்றைய தேவைக்கான அளவில் பிக்ரல் கலக்கலாம்.